அகூட்டி மரபணு: புரதம் ஒன்று, சுரக்கும் இடம்தான் வேறு

நீங்கள் எழுதிக் கேட்டவை மூன்று. சுண்டெலியின் அகூட்டி மரபணு என்ன வேலை செய்கிறது? அது தோலில் வெளிப்படுவதாகப் பாடப் புத்தகம் சொல்கிறது, ஆனால் பொதுத் தரவுத்தளங்களில் வளர்ந்த எலியின் தோல் மாதிரியைத் தேடினால் ஏறக்குறைய பூஜ்ஜியம் காட்டுகிறதே, ஏன்? மயிரின் நிறம் பற்றிய மரபணுவைப் படிக்கப் போனால் உடல் பருமனும் நீரிழிவும் ஏன் குறுக்கே வருகின்றன?

ஒரு மரபணுவின் வேலையை முதலில் சொல்லிவிட்டு, வெளிப்பாட்டைப் பிறகு தனியாகச் சொல்வது வழக்கம். அகூட்டிக்கு அந்த வழக்கம் ஒத்துவராது. அது தரும் புரதம் செய்வதாக உறுதியாகத் தெரிந்த முக்கியமான காரியம் ஒன்றுதான்: செல்களின் மேற்பரப்பில் ஹார்மோன் செய்தியை வாங்கும் மெலனோகார்ட்டின் ஏற்பிகள் என்னும் குடும்பத்தில் போய் ஒட்டி, அவற்றை இயங்கவிடாமல் தடுப்பது. மயிர்க்காலில் ஓரிரு நாள் சுரந்தால் மயிரில் ஒரு மஞ்சள் பட்டை விழும். வயிற்றுத் தோலில் நிற்காமல் சுரந்தால் வயிறு வெளுக்கும். மூளை உட்பட உடம்பு முழுக்கச் சுரந்தால் மஞ்சள் நிறத்தோடு அடங்காப் பசியும் கொழுப்பும் சேரும். இந்த மூன்றுக்கும் நடுவே புரதத்தில் ஒரு அமினோ அமிலம்கூட மாற வேண்டியதில்லை.

மயிரிலிருந்தே தொடங்கலாம். வீட்டுக்குள் ஓடும் சாதாரணச் சுண்டெலியின் முதுகு மயிர் ஒன்றை உருப்பெருக்கியின் கீழ் வைத்தால் நுனி கறுப்பாக இருக்கும். நுனிக்குச் சற்றுக் கீழே ஒரு மஞ்சள் பட்டை. அதற்குக் கீழே அடிவரை மறுபடி கருமை. தூரத்திலிருந்து பார்க்கும்போது இந்தக் கறுப்பும் மஞ்சளும் கலந்துதான் மண்ணோடு மண்ணாக மறையும் அந்தப் பழுப்புச் சாம்பல் நிறம் கிடைக்கிறது. கறுப்பைத் தருவது யூமெலனின் என்ற நிறமி, மஞ்சளைத் தருவது ஃபியோமெலனின். இரண்டையும் செய்வது மயிர்க்காலில் இருக்கும் அதே மெலனோசைட் செல்தான். முதலில் கறுப்பைச் செய்கிறது, நடுவில் மஞ்சளுக்கு மாறுகிறது, பிறகு கறுப்புக்கே திரும்புகிறது. எப்போது மாற வேண்டும் என்பதை அதற்கு யார் சொல்கிறார்கள்?

மெலனோசைட் தானாக முடிவெடுக்கவில்லை என்பது மரபணு கைக்குக் கிடைப்பதற்கு வெகு காலம் முன்பே தெரிந்துவிட்டது. 1955இல் வில்லிஸ் சில்வர்ஸ், எலிசபெத் ரஸ்ஸல் இருவரும் தோல் ஒட்டுச் சோதனைகள் மூலம், ஒரு வகை எலியின் நிறமி செல்கள் வேறு வகை எலியின் மயிர்க்கால்களில் குடியேறும்படி செய்து பார்த்தார்கள். கறுப்பு எலியிலிருந்து வந்த நிறமி செல்லாக இருந்தாலும், அகூட்டி வகை மயிர்க்காலுக்குள் புகுந்தால் பட்டை போட்ட மயிரைத்தான் செய்தது. எதிர்த்திசையிலும் அப்படியே. ஆக, அகூட்டி மரபணு இயங்குவது நிறமி செல்லுக்குள் இல்லை, அதைச் சுற்றியுள்ள மயிர்க்காலில். அங்கிருந்து ஏதோ ஒரு செய்தி பக்கத்துச் செல்லுக்குப் போகிறது. வெறும் தோல் துண்டுகளை வைத்துக்கொண்டு எட்டிய இந்த முடிவை நான் அந்தக் காலத்து எலி மரபியலின் மிக நேர்த்தியான வேலைகளில் ஒன்றாக வைப்பேன்.

1992இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தில் ரிக் வாய்ச்சிக்கின் குழு மரபணுவைப் பிரித்தெடுத்தபோது அந்தச் செய்தி என்ன என்பது தெரிந்தது. எலியின் 2ஆம் குரோமோசோமில் உள்ள அந்த மரபணு 131 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சிறிய புரதத்துக்கானது. அதன் முன்னால் செல்லைவிட்டு வெளியேறுவதற்கான 22 அமினோ அமில அடையாளத் தொடர் இருக்கிறது. அதாவது இது சுரக்கும் புரதம். பின்பாதியில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் பத்து, ஐந்து கந்தகப் பாலங்களாக முடிச்சுப் போட்டுக்கொள்கின்றன. சிலந்தி நஞ்சிலும் கடல் கூம்பு நத்தையின் நஞ்சிலும் காணப்படும் முடிச்சுக்கு நெருங்கிய வடிவம் அது. ஏற்பியைப் பிடிப்பது இந்தப் பின்பாதிதான்.

மயிர்க்காலின் அடியில் குமிழ்போல் இருக்கும் தோல் காம்புச் செல்கள், ஆங்கில வழக்கில் டெர்மல் பாப்பிலா, இதைச் சுரக்கின்றன. மயிர் வளரத் தொடங்கி ஏறத்தாழ 4ஆம் நாள் முதல் 6ஆம் நாள் வரைதான் சுரப்பு. அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பட்டையின் அகலம் இந்தச் சில நாட்களின் நீளம்தான். சுரந்த புரதம் அதிக தூரம் போவதில்லை, பக்கத்தில் இருக்கும் மெலனோசைட்டின் மேற்பரப்பில் உள்ள முதலாம் மெலனோகார்ட்டின் ஏற்பியைப் பிடித்துக்கொள்கிறது. அந்த ஏற்பியில் வழக்கமாக வந்து ஒட்டுவது ஆல்ஃபா எம்.எஸ்.எச். என்ற ஹார்மோன். அது ஒட்டினால் செல்லுக்குள் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற செய்தி மூலக்கூறு ஏறும், நிறமி செய்யும் டைரோசினேஸ் நொதி பெருகும், யூமெலனின் உண்டாகும். அகூட்டி, பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல, ஹார்மோன் உட்காரும் இடத்தைப் பிடித்துவைக்கிறது. அதோடும் நிற்பதில்லை: ஹார்மோனே இல்லாதபோதும் இந்த ஏற்பி சிறிதளவு தானாக இயங்கிக்கொண்டிருக்கும், அகூட்டி அதையும் அடக்குகிறது. சைக்ளிக் ஏ.எம்.பி. இறங்கியதும் மெலனோசைட் ஃபியோமெலனினுக்கு மாறுகிறது. அகூட்டி இந்த ஏற்பியின் எதிரி என்பதை 1994இல் ரோஜர் கோன் உள்ளிட்ட குழு நேச்சர் இதழில் காட்டியது.

தடுப்பு முழுமையாக நடக்க வேறு இரண்டு மரபணுக்களின் துணையும் வேண்டும். மெலனோசைட்டின் மேற்பரப்பில் அட்ராக்டின் என்ற புரதம் இருந்து அகூட்டியைப் பிடித்துக்கொடுக்கிறது. செல்லுக்குள்ளே எம்.ஜி.ஆர்.என்.1 என்ற இன்னொன்று. இவற்றில் எது கெட்டாலும் அகூட்டி சரியாகச் சுரந்தும் மயிர் கருத்துப்போகிறது. எலி வளர்ப்பவர்கள் இவற்றை மகாகனி, மகாகனாய்டு என்று நிறத்தை வைத்தே பெயரிட்டிருந்தார்கள்.

இனி மரபணுவின் அமைப்பு. புரதத்துக்கான டி.என்.ஏ. எழுத்துகள் எக்ஸான்கள் எனப்படும் மூன்று துண்டுகளில் அடங்கிவிடுகின்றன. சுவாரசியம் அவற்றுக்கு முன்னால் நீளும் பகுதியில் இருக்கிறது. அங்கே புரதமாக மாறாத முதல் எக்ஸான்கள் பல உண்டு, ஒவ்வொரு தொகுதிக்கும் தனிப் புரோமோட்டர், அதாவது மரபணுவை இயக்கிவிடும் டி.என்.ஏ. பகுதி, உண்டு. தொலைவில் இருக்கும் ஒரு தொகுதி வயிற்றுப் பக்கத் தோலில் மட்டும் இயங்குகிறது. அது மயிர் சுழற்சியின் நாட்கணக்கைப் பார்ப்பதில்லை, மயிர் வளரும் காலம் முழுக்கச் சுரக்கவைக்கிறது. அருகில் இருக்கும் இன்னொரு தொகுதி வயிறு முதுகு என்று பார்ப்பதில்லை, நாட்கணக்கை மட்டும் பார்க்கிறது. முதுகில் இரண்டாவது மட்டும் இயங்குவதால் பட்டை. வயிற்றில் இரண்டும் இயங்குவதால் மயிர் முழுவதும் வெளிர் மஞ்சள் அல்லது வெளுப்பு. முதுகு கருத்து வயிறு வெளுத்த விலங்குகளை எல்லா இடத்திலும் பார்க்கிறோம். சுண்டெலியில் அதன் காரணம் ஒரே மரபணுவின் இரண்டு புரோமோட்டர்கள் என்பதை 1994இல் கிரெக் பார்ஷின் குழு விளக்கியது.

புரோமோட்டர்கள் இப்படித் தனித்தனியாக இருப்பதால், ஒன்று கெட்டு மற்றது பிழைத்திருக்கும் எலிகளும் உண்டு. முதுகு முழுக் கறுப்பு, வயிறு மஞ்சள் எனும் கறுப்பு-மஞ்சள் வகை அப்படிப்பட்டது. நாட்கணக்குப் புரோமோட்டருக்கு அருகே ரெட்ரோவைரஸ் மாதிரியான ஒரு டி.என்.ஏ. துண்டு புகுந்து அதைச் செயலிழக்கச் செய்திருக்கிறது, வயிற்றுப் புரோமோட்டர் தப்பித்துவிட்டது. அதே இடத்தில் இன்னும் பெரியதாக, சுமார் 11,000 எழுத்து நீளத்துக்கு ஒரு செருகல் இருந்தால் இரண்டும் அடங்கி எலி மேலும் கீழும் கறுப்பாகிறது. இதுதான் ‘நான்-அகூட்டி’. இந்தச் செருகலுக்குள் ஒரே மாதிரியான துண்டுகள் திரும்பத் திரும்ப வருவதால், அவை தங்களுக்குள் இணைந்து நடுப்பகுதியை வெட்டி எறிவது அவ்வப்போது நடக்கும். அப்போது கறுப்புக் குட்டிகளுக்கு நடுவே திடீரென்று மஞ்சள் வயிற்றுக் குட்டியோ, பட்டை மயிர்க் குட்டியோ பிறக்கும். கெட்டுப்போன மரபணு பாதியோ முழுதோ தானாகச் சரியாகும் அபூர்வக் காட்சி. செருகல் இருந்தாலும் அடக்கம் நூற்றுக்கு நூறு இல்லை. நான்-அகூட்டி எலியின் காதோரத்திலும் முலைக்காம்புகளைச் சுற்றியும் சில மஞ்சள் மயிர்கள் எஞ்சியிருக்கும்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கான முதல் காரணம் இங்கேயே வந்துவிட்டது. உலகெங்கும் அதிகமாகப் பயன்படும் ஆய்வக எலி சி57பிளாக்6. 1921இல் கிளாரன்ஸ் குக் லிட்டில் தொடங்கிவைத்த வம்சம். பெயரிலேயே கறுப்பு இருக்கிறது, ஏனென்றால் அது நான்-அகூட்டி. 2002இல் வெளியான சுண்டெலி மரபணுத் தொகுதியின் வரைவும் இதே வம்சத்துப் பெண் எலியிலிருந்து எடுத்ததுதான். ஆகவே எல்லாரும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கணினியில் திறக்கும் ‘மேற்கோள்’ மரபணு வரிசையில் இருப்பதே அகூட்டியின் பழுதான வடிவம். வெளிப்பாட்டுத் தரவுகளில் பெரும் பகுதியும் இதே எலியிலிருந்து வருகின்றன. அங்கே தோலில் அகூட்டியைத் தேடிக் கிடைக்கவில்லை என்றால் வியக்க ஒன்றுமில்லை. பல காலம் இந்த மரபணுவின் குறியீடு சிறிய ‘ஏ’ என்ற ஒற்றை எழுத்தாகவே இருந்ததும், பெயர் ‘நான்-அகூட்டி’ என்றே பதிவாகியிருந்ததும் தேடுகிறவர்களுக்குக் கூடுதல் தொல்லை.

இரண்டாவது காரணம் நாட்கணக்கு. சி57பிளாக்6 எலியின் முதுகு மயிர்க்கால்கள் ஏழு வாரம் தாண்டியதும் நீண்ட ஓய்வுக் கட்டத்துக்குப் போய்விடும். ஆய்வகங்களில் தோல் மாதிரி எடுப்பது பெரும்பாலும் எட்டு வார எலியில். வளராத மயிர்க்காலில் அகூட்டி எப்படிச் சுரக்கும்? சரியான வம்ச எலியையே எடுத்தாலும் தவறான வாரத்தில் எடுத்தால் விடை பூஜ்ஜியம்தான். மூன்றாவது, கலப்படம். சுரப்பது தோல் காம்புச் செல்கள் மட்டும். முழுத் தோலையும் அரைத்து ஆர்.என்.ஏ. எடுத்தால் மேல்தோல், கொழுப்பு, தசை, ரத்தக்குழாய் எல்லாம் சேர்ந்து அந்தச் சிறு குரலை மூழ்கடித்துவிடும்.

நீங்களே அளந்து பார்க்கப் போவதாக எழுதியிருந்ததால் சொல்கிறேன். பிறந்து முதல் வாரத்துக்குள் இருக்கும் குட்டிகளின் தோலை எடுங்கள், அப்போது முதல் மயிர்கள் ஒரே சமயத்தில் வளர்கின்றன. நாளுக்கு நாள் தனித்தனி மாதிரி வையுங்கள். முதுகையும் வயிற்றையும் கலக்காதீர்கள். வம்சம் சி3எச் அல்லது சி.பி.ஏ. இருக்கட்டும், இரண்டும் அகூட்டி. வெள்ளை எலிதான் கையில் இருக்கிறது என்றால் அதையும் ஒதுக்க வேண்டாம். பால்ப்-சி எலிக்கு டைரோசினேஸ் கெட்டிருப்பதால் நிறம் இல்லையே தவிர, அகூட்டி மரபணு நல்ல நிலையில் இருக்கிறது. நிறமே செய்யாத மயிர்க்காலிலும் அகூட்டி தன் நாள் வந்ததும் சுரந்துவிட்டு நிற்கும். முதுகுக்கும் வயிற்றுக்கும் முதல் எக்ஸான்கள் வேறு என்பதால், பி.சி.ஆர். என்ற பெருக்கச் சோதனையைத் தொடங்கிவைக்கும் சிறு டி.என்.ஏ. துண்டுகளான பிரைமர்களை அந்தந்த முதல் எக்ஸானில் வைத்தால் எந்தப் புரோமோட்டர் இயங்குகிறது என்பதும் தெரிந்துவிடும். புரதப் பகுதியில் மட்டும் வைத்தால் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும்.

நிறத்தில் பார்த்த மாத்திரத்தில் தெரிவதால் இந்த மரபணு எலி ஆய்வகங்களின் அன்றாட வேலைக்கும் பயன்பட்டது. மரபணு நீக்கிய எலிகளை உருவாக்கத் தொடங்கிய காலத்தில், அகூட்டி நிறமுள்ள 129 வம்சத்துக் கருத் தண்டுச் செல்களைக் கறுப்பு எலியின் கருவுக்குள் செலுத்துவார்கள். பிறக்கும் கலப்புக் குட்டியின் தோலில் பழுப்பு எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தே சோதனை தேறியதா என்று சொல்லிவிடலாம். பின்னாளில் சி57பிளாக்6 வம்சத்துத் தண்டுச் செல்களே கிடைத்தபோது இந்த வசதி போயிற்று, இரண்டும் கறுப்பு. ஆகவே அந்தச் செல்களில் அகூட்டிப் பழுதை மட்டும் சரிசெய்து, கறுப்பு வம்சத்திலேயே பழுப்பு நிறக் குட்டி பிறக்கும்படி செய்துகொண்டார்கள். உலகளாவிய மரபணு நீக்கத் திட்டத்தின் எலிகளில் கணிசமானவை அந்தச் செல்களின் வழி வந்தவை.

இனி மஞ்சள் எலி. மூன்றாவது கேள்விக்கு விடை அதன் உடம்பில் இருக்கிறது.

அழகுக்காக எலி வளர்த்தவர்களிடம் உடம்பு முழுக்கப் பொன்மஞ்சள் நிறமான ஒரு வகை இருந்தது. மெண்டலின் விதிகள் மறுகண்டுபிடிப்புக்கு வந்த சில ஆண்டுகளிலேயே பிரான்சின் லூசியன் குவேனோ இவற்றை இணைசேர்த்துப் பார்த்தார். 1905இல் அவர் எழுதியது: எவ்வளவு முயன்றும் மஞ்சளுக்கு மஞ்சள் சேர்த்துத் தூய மஞ்சள் வம்சம் உண்டாக்க முடியவில்லை, ஒவ்வொரு மஞ்சள் எலிக்குள்ளும் வேறு நிறம் ஒளிந்திருக்கிறது. 1910இல் மரபியலாளர் காசிலும் மேலே பார்த்த லிட்டிலும் குட்டிகளை எண்ணி, மஞ்சளும் மற்றதும் மூன்றுக்கு ஒன்று என்று இல்லாமல் இரண்டுக்கு ஒன்று என்று வருவதைக் காட்டினார்கள். இரண்டு மஞ்சள் பிரதிகள் பெற்ற கரு கருப்பையில் பதியும் கட்டத்திலேயே இறந்துவிடுகிறது. எத்தனையோ பாடப் புத்தகங்களில் ‘கொல்லி மரபணு’வுக்கு உதாரணமாக இன்றுவரை வருவது இந்த எலிதான்.

உயிரோடு இருக்கும் ஒற்றைப் பிரதி மஞ்சள் எலிகளுக்கு வேறு தொல்லை. அவை நிறைய தின்னும், கொழுக்கும், உடல் நீளமும் அதிகம், ரத்தத்தில் இன்சுலின் ஏறும், ஆண் எலிகளுக்குச் சர்க்கரையும் ஏறும், கட்டிகளுக்கும் அதிகம் ஆளாகும். நிறத்துக்கும் இதற்கும் என்ன உறவு என்பது ஏறத்தாழ 90 ஆண்டுகள் புதிராகவே இருந்தது. மரபணு கையில் கிடைத்ததும் ஒரு சில ஆண்டுகளில் அவிழ்ந்துவிட்டது. மஞ்சள் எலியின் 2ஆம் குரோமோசோமில் ஒரு லட்சம் எழுத்துகளுக்கும் மேற்பட்ட ஒரு துண்டு காணாமல் போயிருந்தது. அந்த இழப்பால், முன்னால் இருந்த ராலி என்ற மரபணுவின் புரோமோட்டர் வந்து அகூட்டியின் தலைமாட்டில் ஒட்டிக்கொண்டது. ராலி உடம்பின் எல்லாத் திசுக்களிலும் எப்போதும் இயங்கும் மரபணு. அதன் ஆணை இப்போது அகூட்டிக்கு. கல்லீரல், தசை, மூளை என்று எங்கும் ஓயாமல் அகூட்டி சுரக்கிறது. சுரக்கும் புரதம் மட்டும் அச்சு அசலாக வழக்கமானதே. இரண்டு பிரதி கிடைத்த கருக்கள் சாவதற்கு அகூட்டி காரணமில்லை. காணாமல் போன துண்டோடு, புரத உற்பத்தியைத் தொடங்கிவைக்கும் காரணி ஒன்றின் மரபணுவும் போய்விடுகிறது, அது இல்லாமல் எந்தச் செல்லும் தாக்குப்பிடிக்காது. சாவுக்கு அதுவே காரணமாக இருக்க வாய்ப்பு மிகுதி. நிறம் ஒரு வழக்கு, சாவு இன்னொரு வழக்கு. ஒரே துண்டில் இரண்டும் விழுந்துவிட்டதால் நூறாண்டு காலம் ஒன்றாகப் பேசப்பட்டன.

கொழுப்புக்கு வருவோம். எல்லாத் திசுக்களிலும் இயங்கும் ஒரு புரோமோட்டரின் பின்னால் அகூட்டியை ஒட்டி, வேறெந்தக் கோளாறும் இல்லாத எலிக்குள் செலுத்தினார்கள். எலி மஞ்சளாகியது, கொழுத்தது, இன்சுலினும் ஏறியது. ஆக அகூட்டி ஒன்றே போதும். அடுத்து, தோலில் மட்டும் இயங்கும் கெராட்டின் புரோமோட்டரின் பின்னால் வைத்தார்கள். எலி மஞ்சளாகியது, கொழுக்கவில்லை. தோலில் எவ்வளவு சுரந்தாலும் அது பசியைத் தொடவில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. கொழுக்கவைப்பது வேறெங்கோ சுரக்கும் அகூட்டி.

அந்த இடம் மூளை. அங்கே பசியைக் கட்டுப்படுத்தும் பகுதியான ஹைபோதலாமஸில் நான்காம் மெலனோகார்ட்டின் ஏற்பி இருக்கிறது. ஆல்ஃபா எம்.எஸ்.எச். அதில் ஒட்டினால் பசி அடங்கும். மயிர்க்காலின் ஏற்பிக்கு இது உடன்பிறப்பு, அகூட்டியின் பிடிக்கு இதுவும் அகப்படும். 1997இல் இந்த நான்காம் ஏற்பி இல்லாத எலிகளை உருவாக்கியபோது அவை மஞ்சள் எலியைப் போலவே கொழுத்தன, ஆனால் நிறம் மாறவில்லை. இதற்கு நேர் எதிராக, முதலாம் ஏற்பி கெட்ட எலிகள் வெகு காலமாகவே உண்டு. அவை முழு மஞ்சள், உடம்பு மட்டும் ஒல்லி. இரண்டையும் சேர்த்துக் கட்டியதுபோல இருப்பதுதான் மஞ்சள் அகூட்டி எலி. இந்த மூன்று எலிகளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்துவிட்டால் ‘நிறத்துக்கும் பருமனுக்கும் என்ன உறவு’ என்ற கேள்வியே கரைந்துபோகிறது. ஒரே தடுப்பான் இரண்டு ஏற்பிகளை அடைக்கிறது, அவ்வளவுதான்.

அப்படியானால் வழக்கமான எலியின் மூளையில் நான்காம் ஏற்பியைத் தடுப்பது யார்? அகூட்டி அங்கே சுரப்பதில்லையே. இந்தக் கேள்விதான் ஒரு புதிய மரபணுவைக் கண்டெடுக்க வைத்தது. அகூட்டியைப் போன்ற வரிசையைத் தேடியபோது, ஹைபோதலாமஸில் இயங்கும் அதன் பங்காளி அகப்பட்டது: அகூட்டி சார் பெப்டைடு, ஏ.ஜி.ஆர்.பி. பட்டினி கிடந்தால் அதன் சுரப்பு ஏறுகிறது, நான்காம் ஏற்பி அடைபடுகிறது, பசி எடுக்கிறது. இன்று பசி பற்றிய எந்த நரம்பியல் ஆய்வும் ஏ.ஜி.ஆர்.பி. நரம்பணுக்களைத் தொடாமல் போவதில்லை. எலியின் மயிர் நிறத்தைக் கிண்டியவர்கள் பசியின் விசையில் போய் நின்றார்கள். என்ன பயன் என்று கேட்டு நிதி தருகிறவர்கள் 1955இல் இதை முன்கூட்டிக் கண்டிருக்க முடியாது.

மஞ்சள் எலிகளில் இன்னொரு வகை, உயிர்வாழும் மஞ்சள். இணையத்தில் அகூட்டி என்று தேடினால் முதலில் வரும் படம் இதனுடையதுதான்: குண்டான மஞ்சள் எலி ஒன்று, பக்கத்தில் ஒல்லியான பழுப்பு எலி ஒன்று, இரண்டுக்கும் மரபணு ஒன்றே என்ற குறிப்போடு. இந்த வகை ஜாக்சன் ஆய்வகத்தில் சி3எச் வம்சத்தில் தானாகத் தோன்றியது. இதில் எதுவும் காணாமல் போகவில்லை. புரத எக்ஸான்களுக்குச் சுமார் ஒரு லட்சம் எழுத்துகள் முன்னால் ஐ.ஏ.பி. என்ற ரெட்ரோவைரஸ் வகைத் துண்டு வந்து விழுந்திருக்கிறது. அதன் ஓரத்தில் இருக்கும் புரோமோட்டர் அகூட்டியை எல்லாத் திசுக்களிலும் ஓட்டுகிறது. ஆனால் எல்லா எலியிலும் ஒரே அளவில் இல்லை. டி.என்.ஏ.வில் ஒட்டிக்கொண்டு அதை அடக்கிவைக்கும் மெத்தில் குறிகள் அந்தத் துண்டின் மேல் அடர்ந்திருந்தால் புரோமோட்டர் உறங்கும், எலி பழுப்பாகவும் ஒல்லியாகவும் இருக்கும். குறிகள் இல்லையென்றால் மஞ்சளும் பருமனும். நடுவில் திட்டுத்திட்டாக எல்லா நிலையும் உண்டு. கருவின் தொடக்க நாட்களில் எந்தச் செல்லில் குறி விழுந்தது, எதில் விழவில்லை என்பது அப்படியே தோலில் வரைபடமாகத் தெரிகிறது. எம்மா வைட்லாவின் குழு 1999இல், தாயின் நிறம் குட்டிகளின் நிற விகிதத்தில் ஓரளவு தொடர்வதைக் காட்டியது.

2003இல் ராபர்ட் வாட்டர்லேண்டும் ராண்டி ஜிர்ட்டிலும் தாய் எலிகளுக்கு இணைசேரும் முன்பிருந்தே ஃபோலிக் அமிலம், பி12, கோலின், பீட்டெய்ன் சேர்த்த தீனி கொடுத்தார்கள். பிறந்த குட்டிகளின் நிறம் பழுப்புப் பக்கம் நகர்ந்தது, ஐ.ஏ.பி. துண்டின் மேல் மெத்தில் குறிகளும் கூடியிருந்தன. நல்ல ஆய்வு. ஆனால் அதிலிருந்து ‘தாய் சாப்பிடுவதைப் பொறுத்துப் பிள்ளையின் மரபணு மாறும்’ என்று மேடை ஏறிப் பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை. நகர்ந்தது கூட்டத்தின் சராசரி. அதே தீனி தின்ற தாய்க்கும் மஞ்சள் குட்டி பிறந்தது, வெறும் தீனி தின்ற தாய்க்கும் பழுப்புக் குட்டி பிறந்தது. பிஸ்ஃபீனால்-ஏ என்ற பிளாஸ்டிக் வேதிப்பொருள் நிறத்தை மஞ்சள் பக்கம் தள்ளுகிறது என்று 2007இல் வந்த முடிவை, 2013இல் அதிக எலிகளை வைத்துச் செய்த மறு ஆய்வு உறுதிப்படுத்தவில்லை. 2018இல் கேம்பிரிட்ஜில் ஆன் ஃபெர்குசன்-ஸ்மித்தின் குழு சி57பிளாக்6 எலியின் மரபணுத் தொகுதி முழுவதும் இப்படி மெத்தில் குறி மாறுபடும் ஐ.ஏ.பி. துண்டுகளைத் தேடியது. பல கிடைத்தன. ஆனால் பக்கத்து மரபணுவை அவை ஆட்டிவைப்பது அரிதாகவே இருந்தது. உயிர்வாழும் மஞ்சள் எலி ஒரு விதிவிலக்கு. கண்ணுக்குத் தெரியும் விதிவிலக்கு என்பதால்தான் அது இவ்வளவு பிரபலம்.

வீட்டுச் சுண்டெலியை விட்டு ஒரு அடி வெளியே போனால், அமெரிக்காவின் நெப்ராஸ்கா மணற்குன்றுகளில் வாழும் மான் எலி இருக்கிறது. கருமண்ணில் வாழும் அதன் உறவினர்கள் கருமையானவை. வெளிர் மணலில் இருப்பவை வெளிர் நிறம். ஹோப்பி ஹோக்ஸ்ட்ராவின் குழு 2009இல் காட்டியபடி, வெளிறியவற்றில் அகூட்டி கூடுதலாக வெளிப்படுகிறது, மயிரின் மஞ்சள் பட்டை அகலமாகிறது. ஆய்வகத்தில் கதிர்வீச்சும் வைரஸ் துண்டும் விளையாடிய அதே இடத்தில், வெளியே ஆந்தையும் பருந்தும் தேர்ந்தெடுத்திருக்கின்றன.

மனிதருக்கும் இந்த மரபணு உண்டு, 20ஆம் குரோமோசோமில். புரதம் 132 அமினோ அமிலங்கள், எலியினுடையதோடு பெரிதும் ஒத்தது. நம் மயிரில் பட்டை விழுவதில்லை, ஆனாலும் இந்த மரபணுவை ஒட்டிய சில மாற்றங்கள் ஐரோப்பிய மக்களிடையே தோல், முடி நிற வேறுபாட்டோடு தொடர்பு காட்டுகின்றன. நமக்கு அது கொழுப்புத் திசுவிலும் வெளிப்படுகிறது. வழக்கமான எலியில் அப்படி இல்லை. எலியில் கண்டதை அப்படியே மனிதருக்கு ஏற்றுவதில் இருக்கும் தடைகளில் அது ஒன்று.

இருந்தும், மஞ்சள் எலியின் கதை மனிதரில் அச்சாகவே நடந்திருப்பது 2022இல் தெரியவந்தது. ஜெர்மனியின் லைப்சிக்கில் மிகக் கடுமையான பருமனோடு வளர்ந்த ஒரு பெண் குழந்தைக்கு, சிவந்த முடியும் மிகையான வளர்த்தியும் உயர்ந்த இன்சுலினும் இருந்தன. மருத்துவர்கள் தேடிக் கண்டது: அகூட்டிக்கு அருகே குரோமோசோம் துண்டு ஒன்று இரட்டித்துப்போய், பக்கத்தில் இருக்கும் இட்ச் என்ற மரபணுவின் புரோமோட்டர் அகூட்டியின் முன்னால் வந்து நிற்கிறது. இட்ச் எல்லாத் திசுக்களிலும் இயங்குவது. குழந்தையின் செல்களிலிருந்து வளர்த்த ஹைபோதலாமஸ் வகை நரம்பணுக்களிலும் அகூட்டி சுரந்தது. இந்த இட்ச் மரபணுவே முதலில் அகூட்டி வழியாகத்தான் தெரியவந்தது என்பது ஒரு பக்கக் கதை: கதிர்வீச்சால் குரோமோசோம் துண்டு தலைகீழாகி அகூட்டியும் அதுவும் ஒருசேரக் கெட்ட கரிய எலி ஒன்று ஓயாமல் சொறிந்துகொண்டிருந்தது.

அந்தக் குழந்தையின் அகூட்டி புரதத்தில் பிழை இல்லை. வழக்கமான மரபணுப் பரிசோதனைகள் புரத எழுத்துகளில் பிழை தேடுவதால் இந்த வகை மாற்றம் அவற்றின் கண்ணில் படுவதில்லை. லைப்சிக் குழு இந்த ஒரு மாற்றத்தை மட்டும் குறிவைத்து, தங்களிடம் ஏற்கெனவே பதிவாகியிருந்த 1,745 பருமனான குழந்தைகளின் மாதிரிகளை மறுபடி எடுத்துப் பார்த்தது. அதே இரட்டிப்போடு மேலும் நான்கு பேர் கிடைத்தார்கள்.